எஸ்யூவிக்கு டயர் மாற்றும்போது: இரண்டா, நான்கா, விண்டர் டயர் வேண்டுமா?

கேள்வி: குடிவந்த ஊரில் பழைய ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறோம். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா? குளிர்காலத்துக்குத் தனி டயர் அவசியமா?

பதில் 1: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். ஆல் வீல் டிரைவ் இருந்தால் பனியில் பயமில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போவது வண்டியைக் கிளப்பத்தான் உதவும். வண்டி நிற்பதும், வளைவில் வழுக்காமல் திரும்புவதும் ரப்பரின் பிடிப்பில்தான் இருக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சம்மர் டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கும். ரோடு காய்ந்திருந்தாலும் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடிவிடும்.

பனி விழும் ஊர் என்றால் டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி கிடைக்கும். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துக்கு அப்படிப்பட்ட சோதனை தேவையில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் மலைக்குறி உள்ளவை மட்டுமே விண்டர் டயராகக் கணக்கு. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். பனி எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஊரென்றால் மலைக்குறி உள்ள ஆல் சீசன் டயரே போதும். எதைப் போட்டாலும் நான்கு சக்கரத்திலும் ஒரே வகை. முன்னால் மட்டும் விண்டர் டயர் போட்டால், பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் சுழன்றுவிடும்.

இனி, இரண்டா நான்கா. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் அது வேகமாகச் சுற்றும். ஆல் வீல் டிரைவில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறிக் கெட்டுப்போகும். அந்த ரிப்பேர் செலவோடு பார்த்தால் நான்கு டயர் விலை ஒன்றுமே இல்லை. பல கம்பெனிகள் ட்ரெட் (டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளம்) ஆழத்தில் 2 மில்லிமீட்டர் அளவு வித்தியாசத்தையே அனுமதிக்கின்றன. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஓனர் மேனுவலில் பாருங்கள். புது டயரில் 8 மில்லிமீட்டர் ட்ரெட், பின் டயர்களில் 4 தான் மிச்சம் என்றால் நான்கையும் மாற்றுங்கள்.

பதில் 2: அளவு பற்றி யாரும் சொல்லவில்லை. 235/65 ஆர்17 104எச் என்று இருந்தால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 இஞ்ச். அடுத்து வரும் 104 என்ற சுமைக் குறியீடுதான் குடும்ப வண்டிக்கு முக்கியம் (எச் என்பது வேகக் குறியீடு): ஒரு டயர் 900 கிலோ தாங்கும். அதே அளவில் 98 போட்டது ரிம்மில் உட்காரும், ஆனால் 750 கிலோதான். ஏழு பேரும் பெட்டிகளுமாகப் போகிற வண்டிக்கு அது ஆபத்து. பழைய டயரைப் பார்த்து வாங்காதீர்கள், முன்பு வைத்திருந்தவர் தவறாகப் போட்டிருக்கலாம். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே ஆதாரம். காற்றழுத்தமும் அதில் உள்ளபடியே. டயரில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு.

டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ எழுத்துக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் தயாரித்த தேதி: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். புதிது என்று சொல்லி நாலைந்து வருடம் கிடங்கில் கிடந்ததைத் தந்தால் மறுத்துவிடுங்கள்.

கழற்றிய டயரையும் ஒருமுறை பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. சரிசெய்யாமல் புதிதைப் போட்டால் அதுவும் அப்படியே போகும். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு விளிம்பும் தேய்ந்தால் குறைவு. மாட்டியபின் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இறங்கும். முதல் குளிர் வாரத்தில், காலையில் வண்டி எடுக்கும் முன்பே அளந்து நிரப்புங்கள்.