மறு: பழைய நிரல்மொழிக்கு இன்று கிடைக்கும் தொகுப்பி: என்ன பெயர் வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழை, கம்பைலருக்கு (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளுக்கு) 'தொகுப்பி'யா, 'நிரல்பெயர்ப்பி'யா என்ற பழைய சண்டைக்குள் போய்விட்டது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இந்த மடலில் தொகுப்பி என்றே எழுதுகிறேன். முதல் மடலில் வந்த கேள்வி இதுதான்:

> "பழைய ஃபோர்ட்ரான் தொகுப்பி எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டால் அவர் தேடுவது பழைய தொகுப்பியையா, பழைய ஃபோர்ட்ரானை ஏற்கும் தொகுப்பியையா? இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

கேள்வி நியாயமானது. 'பழைய' என்ற அடை மொழியோடு சேர்கிறதா, தொகுப்பியோடு சேர்கிறதா என்று அந்தத் தொடரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதனால் ஆட்கள் உண்மையிலேயே வழி தவறுகிறார்கள். எங்கோ ஒரு சேமிப்பகத்தில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துத் தொகுப்பி ஒன்றைக் கண்டுபிடித்து இறக்குவார்கள். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஓட்டுவதே இல்லை என்பதால் அது திறக்காது. அப்புறம் "இந்த மொழிக்கு இப்போது தொகுப்பியே இல்லை போலிருக்கிறது" என்று எழுதுவார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் ஜிஃபோர்ட்ரான் என்ற இன்றைய ஃபோர்ட்ரான் தொகுப்பிதான். அது இலவசம், இன்றைய கணினியிலேயே ஓடும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். 'பழமொழித் தொகுப்பி' என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 'யானைக்கும் அடி சறுக்கும்' போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். தொகுப்பிக்குப் பதில் பெயர்ப்பி என்று போட்டாலும் தப்பிக்க முடியாது, பழமொழியைப் பெயர்ப்பவர் ஆகிவிடும். 'முதுமொழி'யும் அதே குழி. 'தொன்மொழித் தொகுப்பி' கேட்க அழகாக இருந்தாலும் கல்வெட்டு ஆய்வு நினைவுக்கு வருகிறது. கோபோல் என்ற நிரல்மொழியைத் தொன்மொழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதில் எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'மரபுத் தொகுப்பி' என்றால் தொகுப்பியே மரபுப் பொருள் ஆகிவிடுகிறது. அதாவது கேட்டவருடைய சிக்கல் அப்படியே மறுபடியும் வந்து நிற்கிறது.

என் கருத்து இது. அடையை மொழியின் மேலும் போட வேண்டாம், தொகுப்பியின் வயதின் மேலும் போட வேண்டாம். தேடி வருபவருக்குத் தெரிய வேண்டியது, அவர் கையில் இருக்கும் நிரலை இந்தக் கருவி எந்த அளவுக்கு அதன் பழைய பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் என்பது. சொல் அதைக் காட்டட்டும். இதை வெறும் இலக்கண வாதமாக வைக்க விரும்பவில்லை, வேலையில் என்ன வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள்.

ஜிசிசி என்ற இலவசத் தொகுப்பிகளின் தொகுதியில் முன்பு ஜி77 என்ற ஃபோர்ட்ரான் தொகுப்பி இருந்தது. 2005இல் வந்த ஜிசிசி 4.0இல் அதன் இடத்துக்கு ஜிஃபோர்ட்ரான் வந்தது. இதில் 'லெகசி' என்ற தரநிலையைத் தேர்ந்தால் பழைய எழுத்துமுறைகள் பலவற்றை முணுமுணுக்காமல் ஏற்கும். ஒரே துணைநிரலை ஓரிடத்தில் முழு எண்ணோடும் இன்னோரிடத்தில் மெய்யெண்ணோடும் அழைத்தால் ஜிசிசி 10 முதல் அது பிழை. பழைய நிரல் நூலகங்களில் அப்படிப்பட்ட அழைப்புகள் நிறைய உண்டு. லெகசி என்று சொல்லிவிட்டால் எச்சரிக்கை கொடுத்துவிட்டு மேலே போகும்.

தொகுத்து முடிந்துவிட்டது, சரி. பழையபடி ஓடுமா? அந்தக் காலத்து அமைப்புகள் பலவற்றில் துணைநிரலின் உள்மாறிகளுக்கு நிலையான நினைவிடம் கிடைத்தது. ஒருமுறை அழைத்துத் திரும்பிய பிறகும் மதிப்பு அங்கேயே கிடக்கும். தரநிலைப்படி 'சேவ்' கூற்று எழுதினால்தான் அதற்கு உத்தரவாதம், ஆனால் எழுதாமலே வேலை நடந்ததால் பலர் எழுதவில்லை. இன்றைய தொகுப்பி அந்த மாறியை அடுக்கில் (ஒவ்வோர் அழைப்புக்கும் தற்காலிகமாகக் கிடைக்கும் நினைவிடத்தில்) வைக்கலாம். அப்போது அடுத்த அழைப்பில் அங்கே குப்பைதான் இருக்கும். நிரல் நிற்காது, பிழையும் காட்டாது, தப்பான விடையைத் தந்துகொண்டே இருக்கும். ஜிஃபோர்ட்ரானில் 'நோ ஆட்டோமேட்டிக்' என்ற விருப்பைப் போட்டால் உள்மாறிகளுக்கெல்லாம் சேவ் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளும்.

72ஆம் கட்டத்தின் கதை இன்னும் மோசம். அன்று நிரலின் ஒவ்வொரு வரியையும் பதித்த துளையட்டையில் 80 கட்டங்கள். முதல் ஐந்து எண்குறிக்கு, ஆறாவது தொடர்ச்சிக்கு, 7 முதல் 72 வரை கூற்று, மிச்சம் அட்டைகளுக்கு வரிசை எண் போட. எனவே 72ஐத் தாண்டியதை ஃபோர்ட்ரான் படிக்காது. பின்னாளில் 132 கட்டம் வரை அனுமதித்த தொகுப்பிகள் வந்தன, அவற்றை நம்பி நீளமான வரிகள் எழுதினார்கள். அந்தக் கோப்பை இன்று வழக்கமான நிலையான வடிவத்தில் கொடுத்தால் 73ஆம் கட்டத்திலிருந்து வெட்டுப்படும். ஒரு மாறியின் பெயரில் கடைசி எழுத்து போனால் அது வேறு பெயர். அறிவிக்காத மாறியையும் ஃபோர்ட்ரான் ஏற்கும் என்பதால், அந்தக் குறைப்பெயர் புது மாறியாகி, மதிப்பே கொடுக்கப்படாமல் கணக்குக்குள் நுழைந்துவிடும். வரி நீளத்தை 132 என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும். ஆனால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

மூன்றும் ஒரே இனம். தொகுப்பி இன்றையது. நிரல் எந்த வழக்கத்தில் எழுதப்பட்டதோ அதைத் தொகுப்பிக்கு நாம் சொல்கிறோம். பாஸ்கல் மொழியின் இன்றைய தொகுப்பியான ஃப்ரீ பாஸ்கலில் டர்போ பாஸ்கல் முறை, டெல்ஃபி முறை, ஐஎஸ்ஓ முறை என்று தனித்தனியாகத் தேர்வதும் இதுதான். கோபோல் தொகுப்பியான குனு கோபோலில் ஐபிஎம், மைக்ரோ ஃபோக்கஸ் என்று தேர்வதும் இதுதான்.

இந்த வகைக்கு என் முன்மொழிவு: பழவழக்குத் தொகுப்பி.

மற்ற வகை, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்குள் (எமுலேட்டர்) அந்தக் காலத்துத் தொகுப்பியையே ஓட்டுவது. டாஸ் காலத்து டர்போ பாஸ்கலை டாஸ்பாக்ஸுக்குள் திறப்பது, ஐபிஎம் பெருங்கணினியின் பழைய தொகுப்பிகளை ஹெர்குலிஸில் ஓட்டுவது. இதற்கு அக்காலத் தொகுப்பி. பேச்சில் அந்தக்காலத் தொகுப்பி என்றாலும் குறைவில்லை.

அக்காலத் தொகுப்பியைத் தேடிப் போவது ஏக்கத்தால் மட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. ஐபிஎம் 360 பெருங்கணினிக் குடும்பத்தில் மிதவைப்புள்ளி எண்கள் (புள்ளி வைத்த எண்களின் கணினி வடிவம்) 16ஐ அடியாகக் கொண்டவை, இன்றைய ஐஇஇஇ தரநிலை எண்கள் 2ஐ அடியாகக் கொண்டவை. அதே நிரலை இன்றைய கணினியில் தொகுத்தால் கடைசி இலக்கங்கள் மாறும். பழைய அறிக்கையில் அச்சான விடையோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட வேண்டியவருக்குப் பழவழக்குத் தொகுப்பி போதாது. டர்போ பாஸ்கலிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் 'ரியல்' வகை 6 பைட், ஃப்ரீ பாஸ்கலில் அதே பெயர் வழக்கமாக 8 பைட். நிரல் தொகுக்கப்பட்டு ஓடும், ஆனால் பழைய தரவுக் கோப்பைத் திறந்தால் இரண்டாவது பதிவிலிருந்தே எல்லாம் தள்ளிப் போயிருக்கும்.

மறுபுறம், அக்காலத் தொகுப்பி எப்போதும் நல்லது என்றும் இல்லை. டர்போ பாஸ்கலின் திரை அலகு (திரையைக் கையாளும் நிரல்பகுதி), தாமதக் கணக்குக்காக நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும். ஒரு சிறு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலிகளில் அந்த ஈவு 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. "பிழை 200, பூஜ்ஜியத்தால் வகுத்தல்" என்று காட்டிவிட்டு நிரல் முதல் வரிக்கு முன்பே செத்துவிடும். பூஜ்ஜியத்தால் யாரும் வகுக்கவில்லை, செயலி வழிதலுக்கும் அதே குறுக்கீட்டைத்தான் எழுப்பும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைத்தால் தப்பிக்கலாம், ஒட்டுகளும் (பேட்ச்) உண்டு. ஃப்ரீ பாஸ்கலில் தொகுத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

இப்போது எதிர்ப்புக்கு வருகிறேன்.

> பழவழக்கு என்றால் நீதிமன்றத்தில் நிலுவையில் கிடக்கும் பழைய கேஸ் மாதிரி இருக்கிறதே?

இருக்கலாம், தனியாகப் பார்த்தால். ஆனால் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்று சொல்லும்போது யாரும் வக்கீலை நினைப்பதில்லை. இலக்கண வகுப்பில் இயல்பு வழக்கும் தகுதி வழக்கும் படித்தவர்கள்தானே நாமெல்லாம். தொகுப்பி என்ற சொல் ஒட்டியபின் குழப்பம் மிஞ்சாது. இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு நிரல்மொழியின் வேறுவேறு வடிவங்களைக் 'கிளைமொழி' என்று சிலர் எழுதுகிறோம். டர்போ பாஸ்கலைத் தனி மொழி என்று சொல்லத் தயங்குபவர்கள் அதை பாஸ்கலின் ஒரு வழக்கு என்று சொல்லத் தயங்க மாட்டார்கள். ஆகவே 'டர்போ வழக்கு', 'ஐபிஎம் வழக்கு' என்று வருவிக்கலாம், 'வழக்கைத் தேர்' என்று மெனுவிலும் எழுதலாம். ஒரு வேரிலிருந்து இத்தனை கிடைக்கிறது என்பதுதான் இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது.

ஆல்கோல் 60 என்ற பழைய நிரல்மொழியில் இந்த வழக்குப் பிரச்சினை உச்சம். அந்த மொழியின் அறிக்கை உள்ளீடு, வெளியீடு பற்றி எதையும் வரையறுக்கவில்லை, ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி அச்சிட்டார்கள். சிறப்புச் சொற்களைத் தட்டெழுதுவதிலும் ஆளுக்கொரு முறை. குனு மார்ஸ்ட் என்ற கருவியோடு, வெவ்வேறு எழுத்துமுறைகளை மார்ஸ்டின் முறைக்கு மாற்றித் தர ஒரு தனி நிரலே வருகிறது.

மார்ஸ்ட் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அது ஆல்கோலை சி மொழியாக மாற்றிக் கொடுக்கும். பெல் ஆய்வகத்தில் பிறந்த எஃப்2சி, ஃபோர்ட்ரான் 77ஐ சி ஆக்கும். இவற்றை 'நிரல்பெயர்ப்பி' என்றால் அந்தச் சொல்லைத் தொகுப்பிக்கே வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள், நியாயம்தான். நிரல்மாற்றி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் எல்லை எங்கே? குனு கோபோலும் உள்ளுக்குள் கோபோலை சி ஆக்கி, அதை சி தொகுப்பியிடம்தான் கொடுக்கிறது. பயனர் அந்த சி கோப்பைப் பார்ப்பதே இல்லை, அவர் கையில் வருவது இயங்கும் கோப்பு. எஃப்2சியில் வரும் சி கோப்பு நம் கையிலேயே இருக்கும். நாளைக்கு அதைத் திருத்தலாம், கூடவே அதன் நூலகத்தையும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஆகவே வெளிவரும் மூலநிரலை மனிதர் வைத்துப் பராமரிப்பதாக இருந்தால் நிரல்மாற்றி, இல்லையென்றால் தொகுப்பி. குனு கோபோல் தொகுப்பிதான். 2025இல் ஜிசிசி 15இல் சேர்ந்த கோபோல் முன்முனை (கோபோல் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) சி வழியாகப் போவதில்லை. அதற்காக அந்த இரண்டுக்கும் வேறுவேறு இனப்பெயர் வைத்தால் படிப்பவருக்கு என்ன பயன்?

எமுலேட்டருக்கு 'போலி' வேண்டாம், 'போலி மென்பொருள்' என்றாலே கள்ளப்பிரதி என்று அர்த்தமாகிவிட்டது. 'போன்மி' எனக்குச் சம்மதம். புரியாதவர்களுக்கு எமுலேட்டர் என்றே எழுதிவிடலாம், உலகம் அழியாது.

சொற்பட்டியலில் ஏற்றும் முன் வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் குழுமத்தின் வழக்கம். என் பங்குக்கு:

"உங்கள் நிரல் ஃபோர்ட்ரான் 77இல் இருந்தால் முதலில் ஜிஃபோர்ட்ரானைப் பழவழக்குத் தொகுப்பியாகப் பயன்படுத்திப் பாருங்கள். பழைய விடைகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் அக்காலத் தொகுப்பியைப் போன்மியில் ஓட்டி ஒப்பிடுங்கள். தொடர்ந்து சி மொழியிலேயே பராமரிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் நிரல்மாற்றி."

எனக்கு இது தடையில்லாமல் படிக்கிறது. 'தொகுப்பியாகப் பயன்படுத்தி' என்ற இடம் மட்டும் கொஞ்சம் இடறுகிறது. ஜிஃபோர்ட்ரான் புதிய ஃபோர்ட்ரானுக்கும் தொகுப்பி, பழவழக்கு அதன் ஒரு முறை மட்டுமே. அங்கே 'ஜிஃபோர்ட்ரானின் பழவழக்கு முறையில்' என்று எழுதுவது மேல். அப்படியானால் பட்டியலில் 'பழவழக்கு முறை', 'பழவழக்குத் தொகுப்பி' இரண்டையும் தனித்தனிப் பதிவாக ஏற்றலாமா, முன்னதை மட்டும் ஏற்றினால் போதுமா? கோபோல், பாஸ்கல் நிரல்களோடு தினமும் மல்லுக்கட்டும் நண்பர்கள் சொல்லட்டும். மாற்றுச் சொல் தருபவர்கள் தயவுசெய்து மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் போட்டுக் காட்டி அனுப்புங்கள்.