மூன்று லட்சத்துக்குள் ஐந்து பேருக்கான பழைய கார்: எதை நம்பி வாங்கலாம்?

கும்பகோணத்துக்காரன்:
வணக்கம். வீட்டில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், முழங்கால் வலியுள்ள அம்மா என ஐந்து பேர். அம்மாவை மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதையும் சேர்த்து மாத ஓட்டம் 500 கிலோமீட்டரைத் தாண்டாது. பேர் மாற்றம், காப்பீடு உட்பட 3 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். 62,000 கி.மீ. ஓடிய 2014 வேகன் ஆர் பெட்ரோல், 48,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லப்படும் 2012 ஐ10 1.1, சென்னைப் பதிவுள்ள 2015 ஸ்விஃப்ட் டீசல் ஆகிய மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டீசலின் மைலேஜ் ஆசை காட்டுகிறது, எதை எடுக்கலாம்?

பட்டறை அனுபவம்:
மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம் ஐயா. மைலேஜையும் விலை வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாவது கடினம். இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை வேலை வைத்தால் இரண்டு மூன்று வருட மிச்சம் அதிலேயே போய்விடும். ஐ10 1.1 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் பாகங்களைச் சேர்ந்து சுழல வைக்கும் ரப்பர் பட்டை. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால், பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 48,000 என்று மீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

என் கை வேகன் ஆர் பக்கமே போகிறது. அதன் 1.0 எஞ்சினில் ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் உலோக டைமிங் செயின். இருக்கையும் உயரம் என்பதால் முழங்கால் வலிக்காரர் குனியாமல் ஏறலாம். காலையில் நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவு இருந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தாலோ பேசாமல் திரும்பிவிடுங்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்து அடிப்படை ரகங்களில் காற்றுப்பையும், பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்காது.

பட்டவன்:
விலை குறைவான அந்தச் சென்னை வண்டியைப் பற்றி ஒரு சொல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு ஒரு தரகர் மூலம் இப்படித்தான் மலிவாக ஒரு கார் வாங்கினேன். ஷாம்பூ மணத்தோடு பளபளவென்று இருந்தது. முதல் மழைக்காலத்தில் ஏசி போட்டால் சேற்று வாடை. பிறகு பவர் விண்டோ ஒவ்வொன்றாக நின்றது. எலக்ட்ரீஷியன் பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். சுருளுக்குள் இருந்த பகுதியில் டீக்கறை போல ஒரு கோடு. முன்சீட் தண்டவாளத்தின் அடியிலும் துரு. 2023 டிசம்பரிலும் சென்னையில் வண்டிகள் மூழ்கின என்பதால், பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. பார்ப்பவள்:
அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால், வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் வராமல் முழுப்பணம் தர வேண்டாம். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கியதோடு நின்றுவிடாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேர் மாறும்வரை விடாதீர்கள். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கேட்காததற்காக விற்பவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கூடும். 2012 வண்டியின் பதிவு 15 ஆண்டுக் கணக்கில் 2027-இல் முடியும், புதுப்பிக்க எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் பசுமை வரியும் உண்டு.

கும்பகோணத்துக்காரன்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஆறு மணிக்கு அம்மாவோடு போய் வேகன் ஆரைப் பார்த்தேன். என் தோளைப் பிடிக்காமல் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். புகை இல்லை, சீட் பெல்ட் சுத்தம். ஆனால் வலப்பக்க முன் மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஆட்டோ உரசியதால் மாற்றியதாக உரிமையாளர் சொல்கிறார். பில்லைத் தேடித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பேன்.