மதுரை ஐயர் பங்களா பக்கம் பிரான்சைஸ் சலூன் எடுக்கலாமா?

திருநகர்க்காரன்:
சவுதியில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். ஐயர் பங்களா பக்கம் முதல் மாடியில் 1,100 சதுர அடி, வாடகை 55,000. பெரிய சலூன் கம்பெனி ஒன்றின் பிரான்சைஸ், அதாவது பணம் நாம் போட்டு அவர்கள் பெயரில் நடத்தும் கடை. உள் வேலையெல்லாம் சேர்த்து 30 லட்சம், அந்தப் பெயருக்காக மாத விற்பனையில் 12 சதவீதம் ராயல்டி. மாதம் 5 லட்சம் ஓடும், இரண்டு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்கள். முடிவெட்டுத் தொழில் எனக்குத் தெரியாது. இறங்கலாமா?

சிம்மக்கல் கடை:
தம்பி, அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மூன்று நாற்காலிக் கடை. நடுவில் ஒன்றரை வருடம் ஒரு பிரான்சைஸ் கடையில் மேனேஜராகவும் நின்றேன். பெயர் வேண்டாம்.

ராயல்டி லாபத்தில் இல்லை, விற்பனையில். 5 லட்சத்துக்கு 60,000. கடை நட்டத்தில் ஓடினாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அப்புறம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சலூனுக்கு 18 சதவீதம் 5 ஆனது நல்லதுதான். ஆனால் வாடகைக்கும் ராயல்டிக்கும் நாம் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டும் ஜிஎஸ்டியில் இப்போது கழித்துக்கொள்ள முடியாது. உங்கள் கணக்குக்கு மாதம் 20,700. கம்பெனி கொடுத்த கணக்குத் தாளில் இது இருக்கிறதா?

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மணப்பெண் அலங்காரம் படுத்துவிடும். கார்த்திகையில் பாதிப் பேர் மாலை போட்டுத் தாடியோடு திரிவார்கள். அந்த மாதம் என் கடைக்குப் பேப்பர் படிக்கத்தான் ஆள் வரும்.

இதையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். போர்டைப் பார்த்து ஒரு தடவை வருகிறவர், மறுதடவை வருவது வெட்டிய கைக்காக. நான் நின்ற கடையில் ஒரு பையன் விலகி அடுத்த தெருவில் இரண்டு நாற்காலி போட்டான். வாடிக்கை அத்தனையும் அவன் பின்னாலேயே போய்விட்டது. முதலாளிக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது, என்ன செய்வார்?

கே.கே.நகர் பார்லர்:
அண்ணன் சொல்வது ஆண்கள் பக்கத்துக்குச் சரி. கலரிங், ஸ்மூத்னிங் என்றால் பெண்கள் கம்பெனி பெயர் பார்த்துத்தான் வருகிறார்கள். முடி கொட்டிவிடுமோ என்ற பயம். எனக்கு உறுத்துவது அந்த மாடிதான். லிப்ட் இல்லாவிட்டால் மூட்டுவலிக்காரர்கள் ஏற மாட்டார்கள், நல்ல பில் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

திருநகர்க்காரன்:
லிப்ட் இல்லை. தாளில் அந்த ஜிஎஸ்டி கணக்கும் இல்லை. கேட்டால், "உங்க ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்கிறார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

சிம்மக்கல் கடை:
கொடுக்காதீங்க. செவ்வாய்க்கிழமை கடை லீவு. தாளை எடுத்துக்கிட்டு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்.