வெள்ளி ராத்திரி ஜெபம்: சத்துவாச்சாரியா, காட்பாடியா?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வர்ற வெள்ளி ராத்திரி 7 மணிக்கு நம்ம குடும்பம் மட்டும் கூடி எழுப்புதலுக்காக, அதாவது ஜனங்க விசுவாசத்துல மறுபடி உயிர் பெறணும்னு ஜெபம் பண்றோம். சத்துவாச்சாரி வீட்டு மாடியில. சாக்குப்போக்கு வேணாம்.

கிரேஸ் அத்தை: ஆமென் 🙏

தேவா அண்ணன்: வெள்ளி எனக்கு நைட் ஷிஃப்ட் பெரியப்பா

சித்தி: மாடி வேணாம் மாமா. வேலூர் வெயிலுக்கு ராத்திரி 10 வரைக்கும் தளம் கொதிக்கும். காட்பாடியில எங்க ஹால்ல வைக்கலாமே

கிரேஸ் அத்தை: உங்க வீட்ல மைக் வைப்பீங்க. போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்ல நின்னாரு

சித்தி: ஒரே ஒரு தடவை அண்ணி

பெரியப்பா: மைக்கே வேணாம். பொறுமையா படிங்க. 1857 செப்டம்பர் 23, நியூயார்க், ஃபுல்டன் தெரு. எரேமியா லான்ஃபியர்னு ஒருத்தர். துணி வியாபாரம் பண்ணினவர், போதகர் இல்ல. மத்தியானம் 12 மணிக்கு ஜெபம்னு நோட்டீஸ் கொடுத்துட்டு உட்கார்ந்தாரு. அரை மணி நேரம் ஒருத்தரும் வரல. எழுந்து போகாம தனியா ஜெபம் பண்ணாரு. கடைசியில வந்தது 6 பேர். அடுத்த வாரம் 20, அதுக்கடுத்த வாரம் 40. அக்டோபர்ல பாங்குகள் முடங்கி ஊரே கலங்கின சமயம், தினமும் கூட ஆரம்பிச்சாங்க. அங்கேர்ந்து தேசம் முழுக்கப் பரவுச்சு. அவரை வேலைக்கு வெச்ச சபை எது தெரியுமா? டச்சு ரிஃபார்ம்ட் சபை. அமெரிக்க மிஷனரிகள் ஸ்கடர் சகோதரர்கள் 1853ல ஆரம்பிச்ச நம்ம ஆற்காடு மிஷனைத் தாங்கின அதே சபை! வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா அம்மா அந்த ஸ்கடர் குடும்பத்துப் பொண்ணு. நம்ம கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் எடுத்தது அந்த மிஷன்ல. கூட்டம் வேணாம் பிள்ளைகளே. 6 பேர் மனசொத்து முழங்கால் போட்டாப் போதும். தம்பி, நீ எந்த சபைக்குப் போறேன்னு நான் கேட்கல. அன்னிக்கு நீ என் பக்கத்துல உட்காரணும்.

காட்பாடி மாமா: 👍 டிபன் உண்டா?

சித்தி: உபவாசம் அண்ணா

காட்பாடி மாமா: சுகர் மாத்திரை போடணும்மா. 2 இட்லியாவது

தேவா அண்ணன்: முடிச்சதும் ஆம்பூர் பிரியாணி 😄

கிரேஸ் அத்தை: டேய்

சித்தப்பா: வர்றேண்ணா. நான் ஆவியில நிறைஞ்சு, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில ஜெபிச்சா யாரும் எழுந்து வெளிய போகக்கூடாது

கிரேஸ் அத்தை: அப்பா வருஷ ஜெபத்துல நடந்ததை இப்ப இழுக்காதப்பா

பெரியப்பா: யாரும் போக மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்.

ஜெபா: பெரியப்பா, எங்க ஹாஸ்டல் ரூம்ல நாங்க 4 பேர் ராத்திரி லைட் அணைச்சதும் மொபைல் வெளிச்சத்துல சங்கீதம் 85 வாசிச்சு ஜெபம் பண்றோம். யாரையும் கூப்பிடல. இப்போ பக்கத்து ரூம் பசங்களும் வந்து கட்டில்ல இடமில்லாம தரையில உட்கார்றாங்க

பெரியப்பா: கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! வெள்ளிக்கிழமை ஜெபத்தை நீயே ஆரம்பி கண்ணு.

சித்தப்பா: அல்லேலூயா

ஜெபா: ஐயோ நானா 🙈

தேவா அண்ணன்: சனிக்கிழமைன்னா நானும் வருவேன்

கிரேஸ் அத்தை: சனி கல்யாண ரிசப்ஷன் இருக்கே, ராணிப்பேட்டைல

சித்தி: வெள்ளியோ சனியோ, பாய் எங்க வீட்ல 3 தான் இருக்கு. யார் கொண்டு வர்றீங்க?

காட்பாடி மாமா: இட்லிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல