கடலோர வண்டி என்று சொல்லியே விலையைக் குறைக்கிறார்கள்: பாக்ஸ்டர் எஸ் விற்க உதவி வேண்டும்

கீழக்கரை இளையவன்

எல்லோருக்கும் வணக்கம். என் காக்காவின் (அண்ணனின்) 2014 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (981 மாடல்) ஸ்போர்ட்ஸ் காரை விற்க வேண்டும். காக்கா துபாயில் இருக்கிறார். ஆர்.சி. அவர் பெயரில், டி.என். 65 பதிவு, முதல் உரிமையாளர். மீட்டரில் 22,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விபத்து, இன்சூரன்ஸ் க்ளெய்ம் எதுவும் கிடையாது. வருடா வருடம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் சர்வீஸ் செய்திருக்கிறோம், பில் எல்லாம் தேதி வாரியாக ஃபைலில் இருக்கிறது.

3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 315 குதிரைத்திறன், பி.டி.கே. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். துணிக் கூரை. காக்கா ஊரில் இருந்த நாட்களில் விடியற்காலையில் கூரையைத் திறந்துகொண்டு ஏர்வாடி வரை போய் வருவார். அவ்வளவுதான் ஓட்டம். மீதி நாளெல்லாம் ஷெட்டில், கவர் போட்டு நிற்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் காவிரித் தண்ணீரில்தான் கழுவுவோம். அந்த அளவுக்குப் பார்த்துக்கொண்ட வண்டி.

சென்னையிலும் மதுரையிலும் புரோக்கர்களிடம் பேசினேன். ஊர் பெயரைச் சொன்னதுமே "கீழக்கரையா? உப்புக் காத்தாச்சே" என்கிறார்கள். வண்டியைப் பார்க்காமலேயே நான் நினைத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை எப்படிப் போக்குவது?

இன்னொன்று. போன மழைக்காலத்துக்குப் பிறகு உள்ளே லேசாகப் பூஞ்சை வாடை. கூரையும் சில நேரம் பாதி திறந்து நின்றுவிடுகிறது. சாவியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி வேலை செய்கிறது. சரி செய்துவிட்டு விற்பதா, அல்லது சொல்லிவிட்டு அப்படியே விற்பதா? காக்கா இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது, அவருடைய கையெழுத்துக்கு என்ன வழி? டெஸ்ட் டிரைவ் கேட்கிறவர்களிடம் சாவியைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு ஸ்பானர்

தம்பி, முதலில் கூரை. அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம். கூரை பாதியில் நிற்கிற வண்டிக்கு யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். என்ன செலவாகுமோ என்ற பயத்தில் உண்மையான செலவைப் போல மூன்று மடங்கைக் கழித்துத்தான் கேட்பார்கள்.

கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பேட்டரி தளர்ந்திருக்கும். ஸ்டார்ட் ஆகிற அளவுக்குத் தெம்பு இருக்கும், கூரை மோட்டார் இழுக்கும்போது வோல்ட் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க வண்டியைத் தொடாமல் விட்டு, காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். ஏ.ஜி.எம். பேட்டரிக்கு ஏற்ற சார்ஜர்தான் போட வேண்டும், லாரி பேட்டரிக் கடை சார்ஜர் வேண்டாம். பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது. முழுசாக இறங்கிவிட்டால் அந்த டிக்கியே திறக்காது. அப்போது கால் வைக்கும் இடத்து ஃப்யூஸ் பெட்டியில் இழுக்கிற மாதிரி ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும், அதில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.

பூஞ்சை வாடைக்கு வடிகாலைப் பாருங்கள். துணிக் கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் இரு பக்கமும் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். கூரையைப் பாதியில் நிறுத்தினால் பின்பக்க மூலைகளில் கை போகும். நம் ஊரில் அதில் என்ன அடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் வருகிற நைஸ் மணல், அதோடு வேப்பம்பூ, கருவேல இலை. மழையில் ஊறிக் களிமண் மாதிரி ஆகிவிடும். ஏர் கம்ப்ரஸரை வைத்து அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொண்டால் தண்ணீர் நேராக வண்டிக்குள்தான் போகும். புல் வெட்டுகிற மெஷினில் போடும் நைலான் கயிற்றை மெதுவாக விட்டுச் சுற்றி எடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும்.

சீட்டுக்கு அடியில் கார்பெட்டையும் அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கிற ஃபோம் ஈரத்தை விடாது. சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, காற்றாடி போட்டுக் காய வைக்க வேண்டும். சென்ட் அடித்து வாடையை மறைக்க வேண்டாம். வாங்க வருகிறவன் சென்ட் வாசம் வந்தாலே கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பான்.

கீழக்கரை இளையவன்

மிக்க நன்றி அண்ணே. கவர் பற்றியும் கேட்க நினைத்தேன். இப்போது போட்டிருப்பது தார்ப்பாய் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக்.

ராம்நாடு ஸ்பானர்

அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம், பிளாஸ்டிக் கவர் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று போய் வருகிற பருத்தித் துணிக் கவர் போதும். கூரையை ஈரத்தோடு மடித்து வைக்கவும் கூடாது. கழுவினால் மூடிய நிலையிலேயே நன்றாகக் காயட்டும்.

கொச்சியில் ஒரு தொண்டிக்காரர்

நான் வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கடலோரத்தில் நின்ற கன்வர்ட்டிபிள் (கூரை திறக்கிற கார்) ஒன்றை வாங்கித்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"துரு இல்லை" என்று விற்கிறவர் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கே துரு வரும் என்று நீங்களே சொல்லி, அந்த இடத்தைக் காட்டினால் நம்புவார்கள். இந்த மாடலில் பாடியில் பல பாகங்கள் அலுமினியம், இரும்புத் தகடு துத்தநாகம் பூசியது. பழைய அம்பாசடர் மாதிரி கதவடியில் ஓட்டை விழுகிற பயம் கிடையாது. உப்பு வேலை செய்கிற இடங்கள் வேறு: சைலன்ஸர் கிளாம்ப், சஸ்பென்ஷன் போல்ட், பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதி, பிறகு அலுமினியமும் இரும்பும் சேருகிற மூட்டுகள். டிஸ்க்கின் முகத்தில் வருகிற செம்மண் நிறப் படலம் நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைப் பார்த்து யாராவது விலை குறைத்தால் விட்டுவிடுங்கள், அவர் வாங்குகிறவர் இல்லை.

எல்லோரும் மறந்துவிடுகிற இடம் முன் பம்பர். இரண்டு மூலையிலும் காற்று உள்ளே போகிற வாய் இருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்ஸரும். அந்த வாய் வழியாக இலையும் மணலும் போய்ச் சேர்ந்து, உப்பு ஈரத்தில் ஊறி, கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளை அரித்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். நான் வாங்கிய வண்டியில் அந்த இடத்தில் ஒரு பிடி சருகு இருந்தது, விரலால் தொட்டதும் தகடு பொடிப் பொடியாக உதிர்ந்தது. நல்ல வேளை, பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்த்தேன். நீங்கள் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கழற்றிய நிலையில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் பளபளக்கும் பாடியின் இருபது படத்துக்குச் சமம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முன்பிருந்து பின்வரை, அவசரப்படாமல். கழுவி, எண்ணெய் பூசிவிட்டு எடுக்க வேண்டாம். எண்ணெய்ப் பளபளப்பு மறைக்கிற வேலை மாதிரித்தான் தெரியும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டி ஒரு அறிக்கை எடுத்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். என்ஜின் அதிக வேகத்துக்கு எத்தனை முறை முறுக்கப்பட்டது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் இருக்கும். 22,000 கிலோமீட்டருக்கு 600 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 37 கிலோமீட்டர் பக்கம் வரும், நம்பலாம். 2,000 மணி நேரம் என்று வந்தால் சராசரி 11 தான், யாரோ மீட்டரில் கை வைத்திருக்கலாம் என்று சந்தேகம் வரும். இந்த மாதிரி வண்டி வாங்க நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே கொடுங்கள்.

டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் முழுசாக இருந்தாலும் ரப்பர் வயசாகி இறுகியிருந்தால் 315 குதிரைத்திறன் வண்டிக்கு அது ஆபத்து. புதுசு போடாவிட்டால் டயர் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாம்பன் வாடை

ஒரு விஷயம் மட்டும். அரிச்சல்முனையில் கடலை வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு உப்பு மட்டும்தான் தெரியும். தனுஷ்கோடி சாலையில் காற்று மணலை வாரி வீசும், பெயின்ட்டும் கெடும். சாயல்குடி பக்கம் பனைமரச் சாலையில் காலை வெயிலில் எடுங்கள்.

மண்டபம் அக்கா

காகித வேலையை நான் சொல்கிறேன். பல வருடமாக இன்சூரன்ஸ், ஆர்.டி.ஓ. வேலை பார்க்கிறேன்.

கையெழுத்துதான் முதல் விஷயம். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அண்ணன் வர முடியாது என்றால், துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி செய்த பவர் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். வண்டி எண், சேசிஸ் எண், என்ஜின் எண், விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதற்கும் முன்னால் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் போய், பவர் பத்திரத்தை ஏற்பார்களா, கூட என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அண்ணன் விடுமுறையில் வரும் வரை காத்திருக்க முடியுமென்றால் அதுதான் சுலபம்.

வாங்குகிறவர் கேரளாவோ கர்நாடகாவோ என்றால் ஃபாரம் 28-இல் தடையில்லாச் சான்று எடுக்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள் கேட்பார்கள். நிலுவை அபராதம் இருந்தால் எதுவும் நகராது, அதனால் பரிவாகன் என்கிற அரசு போக்குவரத்து இணையதளத்தில் முதலில் பார்த்துக் கட்டிவிடுங்கள். ஏதாவது வங்கிக் கடன் இருந்து முடிந்திருந்தால் ஃபாரம் 35-உம் போட்டு ஆர்.சி.யில் இருந்து நீக்கியிருக்க வேண்டும்.

இப்போது முக்கியமானது. ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "நான் அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்" என்று வண்டியை எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விற்றதைத் தெரிவிக்கச் சட்டம் கொடுக்கும் கெடு தமிழ்நாட்டுக்குள் என்றால் 14 நாள். பெயர் மாறாமல் அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது, ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருந்தவர்தான் பொறுப்பு. இது மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி, தம்பி. யார் கையில் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பணம் வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே தொகை அபராதம். பாதி ரொக்கம் தருகிறேன் என்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

கீழக்கரை இளையவன்

அக்கா, இதையெல்லாம் காக்காவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். பவர் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்கிறார். டெஸ்ட் டிரைவ் பற்றி யாராவது சொன்னால் நல்லது.

கொச்சியில் ஒரு தொண்டிக்காரர்

முதல் சுற்று நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். வண்டி எப்படிப் போகிறது என்பது அதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். விலையும் பேசி, முன்பணமும் வங்கியில் விழுந்த பிறகு அவர் ஓட்டட்டும். லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடு, மாடு, பள்ளிக்கூடம் விடும் நேரம் எல்லாம் உண்டு, அதனால் காலை ஏழு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். என்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். சூடாக்கி வைத்துவிட்டுக் காட்டினால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

கீழக்கரை இளையவன்

நிலவரம் சொல்கிறேன். காலையில் பார்த்தால் பேட்டரி 11.9 வோல்ட். சார்ஜ் நிற்கவில்லை, புதுசு போட்டாயிற்று. கூரை இப்போது தடையில்லாமல் திறந்து மூடுகிறது. வலது பக்க வடிகாலில் இருந்து ஸ்பானர் அண்ணன் சொன்ன மாதிரியே வேப்பம்பூவும் மணலும் கட்டியாக வந்தது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஃபோம் ஈரம், பக்கத்துச் சீட்டுக்கு அடியில் காய்ந்திருந்தது. கழற்றிக் காய வைத்த பிறகு வாடை போய்விட்டது. பம்பரையும் கழற்றினோம். இடது கண்டென்ஸரில் கீழ் ஓரம் மட்டும் வெள்ளை பூத்திருக்கிறது, ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது. அதைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மதுரையில் லிஃப்டில் ஏற்றி எடுத்த வீடியோ, அறிக்கை, பில், அந்தக் கண்டென்ஸர் படம் எல்லாவற்றையும் கோயம்புத்தூரில் ஒருவருக்கு அனுப்பினேன். விலை குறைப்பது பற்றி அவர் கேட்டது கண்டென்ஸரும் டயரும் மட்டும்தான். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்.

மண்டபம் அக்கா

நல்லது தம்பி. விற்றதும் ஃபாஸ்டாக்கை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் டோல் எல்லாம் உங்கள் அண்ணன் கணக்கில் போகும். க்ளெய்ம் இல்லாமல் 5 வருடம் ஓடியிருந்தால் 50 சதவீத நோ-க்ளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி) சேர்ந்திருக்கும். அது வண்டியோடு போகாது, அண்ணனுக்கு உரியது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றாக எழுதி வாங்குங்கள், 3 வருடத்துக்குள் அவர் வேறு வண்டி வாங்கினால் பயன்படும். ஒப்படைக்கிற நாளில் தேதியோடு நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாரம் 29-இல் உங்கள் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை இளையவன்

சரி அக்கா. ஒப்பந்தத் தாளை எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.