எம்எக்ஸ்240: ஆர்இ0 ஹார்ட் டிஸ்க்கில் ரீட் எரர், ஆனால் டிராஃபிக் ஓடுகிறது

பாயான்லெப்பாஸ்_நெட் (கேள்வி)

வணக்கம் அண்ணன்களே. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை எட்ஜ் ரவுட்டர். ஜூனிபர் எம்எக்ஸ்240, இரண்டு ஆர்இ-எஸ்-1300 (ஆர்இ என்றால் ரூட்டிங் எஞ்சின், ரவுட்டரின் மூளையான கார்டு). ஆர்இ0 மாஸ்டர், ஆர்இ1 பேக்கப். இரண்டு ஐஎஸ்பியோடு (இணையச் சேவை நிறுவனம்) பிஜிபி, அதாவது ரூட் தகவல் பரிமாறும் செஷன். நேற்று மாலையிலிருந்து லாக்கில் இதே வரிதான்:

ஏடி2: ஃபெயிலியர் - ரீட்_டிஎம்ஏ ஸ்டேட்டஸ்=51 எரர்=40 <அன்கரெக்டபிள்> எல்பிஏ=41236543

எல்பிஏ எண் (டிஸ்க்கில் செக்டரின் முகவரி) ஒவ்வொரு முறையும் இதேதான், இல்லையென்றால் இதை ஒட்டிய எண். "ஷோ லாக் மெசேஜஸ்" பாதியில் நின்றுவிடுகிறது. சில நொடியில் முடியும் கமிட் (கான்ஃபிக் மாற்றத்தை அமல்படுத்துவது) இப்போது நிமிடக்கணக்கில் தொங்குகிறது. பிஜிபி விழவில்லை. ஸ்டோரேஜ் கிளீனப் ஓட்டலாமா, ரீபூட் செய்து பார்க்கலாமா? 24 மணி நேரமும் ஷிஃப்ட் ஓடும் இடம். காலை 7 மணிக்கு ஆள் மாறும்போதுதான் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

செராஸ்_ரவுட்டிங்

இரண்டுமே வேண்டாம் தம்பி. கிளீனப் என்பது டிஸ்க் நிரம்பினால் செய்வது. அப்போது லாக்கில் "ஃபைல்சிஸ்டம் ஃபுல்" என்று வரும். உங்களுக்கு வந்திருப்பது வேறு.

அந்த எரர் எண்ணை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். 40 என்றால் அந்த செக்டரில் இருப்பதை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. தட்டின் மேற்பரப்பு கெட்டிருக்கிறது. எல்பிஏ ஒரே இடத்தைச் சுற்றி வருவதும் அதையே சொல்கிறது. 84 வந்திருந்தால் கதை வேறு: அது ஐசிஆர்சி, அதாவது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா கெடுகிறது. அங்கே கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. 10 என்றால் கேட்ட செக்டரையே டிஸ்க் கண்டுபிடிக்கவில்லை. ஸ்மார்ட் கணக்கு (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நிலைப் பதிவு) கிடைத்தால் 5 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை), 198 (திருத்த முடியாதவை) மூன்றையும் பாருங்கள். 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் முடிந்தது. 199 (இணைப்பு வழியில் வரும் சிஆர்சி எரர்) மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிட கனெக்ஷனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிராஃபிக் ஏன் ஓடுகிறது? பாக்கெட்டை அனுப்புவது லைன் கார்டு, அதற்கு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. ஜூனோஸும் (ரவுட்டரின் ஓஎஸ்) கான்ஃபிகும் ஏடி0 காம்பாக்ட் ஃபிளாஷில் இருக்கின்றன. ஏடி2 ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஸ்வாப்பும் /வாரும், அதாவது லாக், கோர் டம்ப் போன்றவை. கமிட் தொங்குவதற்குக் காரணமும் இங்கேதான்: ரோல்பேக் (பழைய கான்ஃபிக் நகல்கள்) 1 முதல் 3 வரை ஃபிளாஷில் /கான்ஃபிக் கீழே, 4 முதல் 49 வரை /வார்/டிபி/கான்ஃபிக் கீழே. ஒவ்வொரு கமிட்டுக்கும் பழைய ஃபைல்களெல்லாம் ஒரு படி தள்ளிப் போக வேண்டும். அந்த வரிசையில் கெட்ட செக்டர் குறுக்கே வந்தால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று கொண்டே இருக்கும்.

ரீபூட் செய்தால் ஃபிளாஷிலிருந்து எழும்பும், ஆனால் /வார் சோதனையில் சிக்கிப் பாதியில் நின்றுவிடலாம். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை அப்படிப் பணயம் வைக்காதீர்கள்.

பட்டர்வொர்த்_என்ஓசி

செராஸ் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் செத்தால் ஆர்இ1 தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள். கெர்னல் உயிரோடு இருக்கும்வரை கீப்அலைவ் ("நான் இருக்கிறேன்" என்ற சிக்னல்) ஆர்இ1-க்குப் போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்காகக் காத்து ஆர்இ0 பாதி உறைந்து கிடந்தாலும் மாஸ்டர் பதவியை விடாமல் இருக்கலாம். "செட் சேசிஸ் ரிடன்டன்சி ஃபெயிலோவர் ஆன்-டிஸ்க்-ஃபெயிலியர்" போட்டிருந்தால்தான் டிஸ்க் பழுதுக்காகவே மாறும். ஆர்இ0 சொல் கேட்கும்போதே நாம் மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஆர்இ1-இல் "ஷோ சிஸ்டம் ஸ்விட்ச்ஓவர்" பாருங்கள், ரெடி என்று வர வேண்டும். ஜிஆர்இஎஸ் (லைன் கார்டை நிறுத்தாமல் ஆர்இ மாற்றும் வசதி) இல்லாமல் மாற்றினால் லைன் கார்டுகள் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு ஆர்இயிலும் ஜூனோஸ் பதிப்பு ஒன்றுதானா, "ஷோ சிஸ்டம் கமிட்" காட்டும் கடைசி நேரம் ஒத்துப்போகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பாயான்லெப்பாஸ்_நெட்

ரெடி என்றுதான் வருகிறது. பதிப்பு ஒன்றே, கமிட் நேரமும் ஒத்துப்போகிறது. ஆனால் நான்ஸ்டாப்-ரூட்டிங் (என்எஸ்ஆர், ஆர்இ மாறினாலும் பிஜிபி செஷனைக் காப்பது) போடவில்லை. பிஜிபி விழுமே?

பட்டர்வொர்த்_என்ஓசி

விழும். பாக்கெட் கொஞ்ச நேரம் பழைய வழியிலேயே போகும், ஆனால் செஷன் அறுந்து எதிர்முனை ரூட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் நிற்கும். என்எஸ்ஆர் போட்டு, "ஷோ டாஸ்க் ரெப்ளிகேஷன்" கம்ப்ளீட் என்று காட்டிய பிறகு மாற்றினால் பிஜிபி அசையாது.

செராஸ்_ரவுட்டிங்

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்எஸ்ஆர் போட கமிட் வேண்டும், தொங்குவதே கமிட்தான். இரண்டு ஆர்இக்கும் சிங்க் ஆகும் கமிட் பாதியில் நின்றால், இப்போது ஒத்திருக்கும் கான்ஃபிகும் ஒத்துப்போகாமல் போகும். 7 மணி இடைவெளியில் பிஜிபி ஒரு தடவை விழுந்து எழட்டும். இரண்டு ஐஎஸ்பிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரிசை இப்படி. லேப்டாப்பில் டெர்மினல் லாக்கை ஆன் செய்துவிட்டு "ஷோ கான்ஃபிகுரேஷன் | டிஸ்ப்ளே செட் | நோ-மோர்" அடித்து முழுக் கான்ஃபிகையும் பிடித்து வையுங்கள். ரவுட்டரின் டிஸ்க்கில் சேவ் செய்ய வேண்டாம். ஆர்இ1-இன் கன்சோலில் கேபிளைச் செருகுங்கள்: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. பிறகு ஆர்இ0-இல் "ரிக்வெஸ்ட் சேசிஸ் ரூட்டிங்-எஞ்சின் மாஸ்டர் ஸ்விட்ச்". மாறிய உடனே திரும்ப மாற்றப் பார்க்காதீர்கள். ஜிஆர்இஎஸ் இருந்தால் இரண்டு மாற்றங்களுக்கு நடுவே குறைந்தது 240 விநாடி வேண்டும்.

ஆர்இ0 பேக்கப் ஆன பிறகு உறுதி செய்ய விரும்பினால், ரூட் ஷெல்லில் "டிடி இஃப்=/டெவ்/ஏடி2 ஆஃப்=/டெவ்/நல் பிஎஸ்=64கே". படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது. 40 ஜிபி டிஸ்க் விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் படித்தால் 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், பழுதான இடம் வந்தால் எரர் காட்டி அங்கேயே நின்றுவிடும். மாஸ்டராக இருக்கும்போது இதை ஓட்டவே கூடாது. மவுன்ட் ஆகியிருக்கும் /வார் மீது எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சரிபார்ப்பு) ஓட்டுவதும் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சிஸ்அட்மின்

கழற்றும் இடத்தில் கவனம். ஆர்இ0-இல் "ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஹால்ட்" கொடுத்து, ஹால்ட் ஆகிவிட்டது என்ற வரி ஆர்இ0-இன் கன்சோலில் வந்த பிறகே தொடுங்கள். கையில் இஎஸ்டி ஸ்ட்ராப் (நிலைமின்சாரத் தடுப்புப் பட்டை). ஆர்இ தனியாக வெளியே வரும். அது உட்கார்ந்திருக்கும் எஸ்சிபி போர்டைச் சேர்த்து இழுத்துவிடாதீர்கள், லைன் கார்டுகளை இணைக்கும் ஃபேப்ரிக் அதில்தான் இருக்கிறது.

லோ யாட்டில் (கோலாலம்பூர் கம்ப்யூட்டர் மால்) ஏதாவது ஒரு எஸ்எஸ்டி வாங்கி உள்ளே மாட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேலை செய்தாலும் சப்போர்ட் ஒப்பந்தத்தில் பேச்சு வரும். 24 மணி நேரத் தொழிற்சாலைக்கு ஆர்இயை முழுசாக மாற்றுவதுதான் சரி. லோ யாட்டில் வாங்க வேண்டியது நல்ல யுஎஸ்பி கன்சோல் கேபிள்.

புது ஆர்இ வந்ததும் ஒன்று ஆபத்தானது. ஆர்இ1 மாஸ்டராக ஓடும்போது செருகினால் புதியது பேக்கப்பாகவே எழும்பும், பிரச்சினை இல்லை. ஆனால் அதில் கான்ஃபிக் ஏறுவதற்கு முன் முழு சேசிஸுக்கும் கரண்ட் போய் வந்தால், ஸ்லாட் 0 தான் இயல்பாக மாஸ்டர். காலி கான்ஃபிகோடு அது ஆட்சிக்கு வரும். மதியம் இடி மின்னல் சர்வசாதாரணமாக இருக்கும் ஊர் நம்முடையது. அதனால் ஆர்இ1-க்கு மாறி, பழைய ஆர்இ0-ஐக் கழற்றியதுமே "செட் சேசிஸ் ரிடன்டன்சி ரூட்டிங்-எஞ்சின் 1 மாஸ்டர்", "ரூட்டிங்-எஞ்சின் 0 பேக்கப்" இரண்டையும் போட்டு கமிட் செய்துவிடுங்கள், ஆர்இ0 வெளியே இருக்கும்போது சிங்க் இல்லாமல்.

பிறகு ஆர்இ0-இல் அதே ஜூனோஸ் பதிப்பை ஏற்றி, ஆர்இ1-இலிருந்து "கமிட் சின்க்ரனைஸ்", அடுத்து ஆர்இ0-இல் "ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஸ்னாப்ஷாட்". ஃபிளாஷில் இருப்பது ஹார்ட் டிஸ்க்குக்கும் நகலாகும், நாளைக்கு ஃபிளாஷ் கெட்டால் அதிலிருந்து எழும்ப முடியும். ஆன்-டிஸ்க்-ஃபெயிலியரும் என்எஸ்ஆரும் அப்போது போடலாம். லாக்கை வெளி சிஸ்லாக் சர்வருக்கும் அனுப்புங்கள்.

பாயான்லெப்பாஸ்_நெட்

நன்றி அண்ணன்களே. என்எஸ்ஆரை இப்போது தொடவில்லை. நாளைக் காலை 7 மணிக்கு மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன், ஐஎஸ்பி இரண்டுக்கும் மெயில் போய்விட்டது. டிடி முடிவை இங்கேயே போடுகிறேன்.