நோவா போர்ட்டர் பற்றி 20 நிமிஷம் பேசணும்: எங்கே தப்பு வரும்?

சேப்பாக்கம் மாணவி:
வணக்கம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தலைவரா இருந்த தத்துவ அறிஞர் நோவா போர்ட்டர் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேசணும். நம்ம சென்னைக் கோட்டை கவர்னர் எலிஹு யேலில் ஆரம்பிக்கலாமா? தேடினா தேதிகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் புத்தகத்தைத் தடை பண்ணின சண்டையை எப்படிச் சொல்றது?

மயிலை வாசகர்:
தேதி குழம்பக் காரணம், அப்பா பேரும் நோவா போர்ட்டர்தான் (1781–1866). கனெக்டிகட் ஃபார்மிங்டனில் போதகர். மகன் (1811–1892) 1836ல் நியூ மில்ஃபோர்டிலும், 1843ல் ஸ்பிரிங்ஃபீல்டிலும் போதகரா இருந்துட்டு, 1846ல் யேலில் பேராசிரியரானார். பழைய பிரசங்க நூல் கிடைச்சா தலைப்புப் பக்கத்தில் ஊரைப் பாருங்க. ஃபார்மிங்டன்னா பெரும்பாலும் அப்பா.

ஆங்கில அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டரோடவும் இவரைச் சேர்த்துக் குழப்பிடுவாங்க. வெப்ஸ்டர் 1843லேயே இறந்துட்டார். அவர் அகராதியின் 1864 பதிப்புக்கும், 1890 இன்டர்நேஷனல் பதிப்புக்கும் முதன்மைப் பதிப்பாசிரியர் போர்ட்டர். ரெண்டாவது வந்தப்போ அவருக்கு 78 வயசு!

மெட்ராஸ் ஏடு:
எலிஹு யேல் ஒரு வரி போதும்மா. அவர் கவர்னரா இருந்தது 1687–1692, கல்லூரிக்கு அவர் பேர் வெச்சது 1718. போர்ட்டர் தலைமை 1871–1886. இன்னொண்ணு, 'பல்கலைக்கழகம்'னு பேர் மாறினது 1887ல். அதனால் 'யேல் கல்லூரித் தலைவர்'னே எழுதுங்க.

சண்டைக்கு முன்னாடி அவர் தத்துவத்தைச் சொல்லுங்க, இல்லாட்டி வெறும் பழமைவாதியாத் தெரிவார். 1868ல் வந்த 'மனித அறிவு' நூலில் அவர் தொடங்குறதே தன்னுணர்விலிருந்து: மனம் தன் செயலைத் தானே நேரா அறியுது. இயற்கையை ஆராயுறதும் அந்த மனம்தான். அப்போ மனசை வெறும் பௌதிக விதியா விளக்கிட்டா, அறிவியலுக்கே அடித்தளம் போயிடும். இது கனமான வாதம், 8 நிமிஷமாவது கொடுங்க.

அப்புறம் 1879க்கு வாங்க. யேல் பேராசிரியர் வில்லியம் கிரஹாம் சம்னர், ஸ்பென்சரின் சமூகவியல் அறிமுக நூலைப் பாடமா வெச்சிருந்தார். அது ஆத்திகச் சிந்தனையை நியாயமில்லாம தாக்குது, மாணவர்களைக் கெடுக்கும்னு போர்ட்டர் கடிதம் எழுதினார். பாடநூலைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர் உரிமைன்னு சம்னர் நின்னார். 1880ல் பத்திரிகைக்கே போச்சு. சம்னர் வேலையை விடலை, யேலிலேயே தொடர்ந்தார். இதில் போர்ட்டர் அதிகார எல்லையைத் தாண்டினார்ங்கறது என் கருத்து. ஆனா வாதம் வேற, அதிகாரம் வேற. ரெண்டையும் பிரிச்சுப் பேசுங்க.

சேப்பாக்கம் மாணவி:
ரொம்ப நன்றி சார். 'மனித அறிவு' 600 பக்கத்துக்கு மேல இருக்கே, முழுசும் படிக்கணுமா?

மெட்ராஸ் ஏடு:
வேண்டாம். கல்லூரிகளுக்காக அவரே சுருக்கின பதிப்பு 1871ல் வந்தது. அதில் முன்னுரையும் தன்னுணர்வு பற்றின பகுதியும் படிங்க. மேற்கோள் எடுத்தா எந்தப் பதிப்புன்னு குறிச்சுக்கோங்க, பக்க எண் ரெண்டிலும் வேற.